இடிந்த வீட்டு மரம்: சில குறிப்புகள்

வயலினின் வயிற்றுக்குள் ஒரு குச்சி நிற்கிறது. சவுண்ட் போஸ்ட் என்பார்கள். கனம் ஆறு மில்லிமீட்டர் அளவுதான். ஈ தந்திப் பக்கம் பிரிட்ஜின் கால் ஊன்றும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே, பசையோ ஆணியோ இல்லாமல் இறுக்கத்தில் மட்டும் நிற்கும். மயிரிழை நகர்ந்தாலும் வயலினின் குரல் மாறிவிடும். தந்திகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் விழுந்தும் விடும். பிறகு வளைந்த கம்பி ஒன்றை எஃப் வடிவத் துளை வழியாக உள்ளே விட்டு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இடத்தில் மறுபடி நிறுத்த வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் தொடக்கூடாத வேலை.

டோக்கியோவில் வயலின் செய்யும் முனேயுகி நகாசாவா 2012இல் முடித்த ஒரு வயலினில் இந்தக் குச்சி எங்கிருந்து வந்தது என்பதைத்தான் குறித்து வைக்க விரும்புகிறேன்.

ரிகுசென்தகாதா. ஜப்பானின் வடகிழக்குக் கரையில் ஒரு சிற்றூர். அதன் கடற்கரையில் காற்றையும் மணலையும் தடுக்க முன்னோர்கள் நட்டு, தலைமுறை தலைமுறையாகக் காத்த பைன் தோப்பு. ஏறக்குறைய 70,000 மரங்கள். 2011 மார்ச் 11 சுனாமி தோப்பை முழுதாக வாரிக்கொண்டு போனது. ஊரும் போனது, 1,700க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், காணாமல் போனார்கள். மறுநாள் பார்த்தால் ஒரே ஒரு பைன் மட்டும் நிற்கிறது, 27 மீட்டர் உயரத்தில். எல்லாவற்றையும் இழந்தவர்கள் அந்த ஒரு மரத்தைப் பார்க்க வந்தார்கள். ஆனால் வேர் உப்புநீரில் ஊறிவிட்டது. என்னென்னவோ செய்தும் 2012இல் மரம் பட்டுப்போனது. இப்போது அங்கே நிற்பது பதப்படுத்தி, உள்ளே தண்டு கொடுத்து நிறுத்திய நினைவுச்சின்னம்.

இடிபாட்டுக் குவியல்களைச் செய்தியில் பார்த்துவிட்டு, இந்த மரங்களிலிருந்து வயலின் செய்ய முடியாதா என்று நகாசாவாவிடம் கேட்டவர் வயலின் கலைஞரான அவர் மனைவி. நகாசாவா அந்த ஊருக்கே போனார். குவியலில் கிடந்த வீட்டு உத்திரங்களில் பைனைத் தேடி எடுத்தார். அது மேல்பலகை ஆயிற்று. அடிப்பலகைக்கு மேப்பிள். உள்ளே நிற்கும் அந்தக் குச்சிக்கு மட்டும், ஒற்றையாய் நின்ற பைனின் துண்டு.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. ஆனால் ஒவ்வொரு சுரமும் அதன் வழியாகத்தான் அடிப்பலகைக்கு இறங்குகிறது. அந்த மரத்தைப் பார்வைக்குப் படும் இடத்தில் பதிக்காமல் வேலை செய்யும் இடத்தில் வைத்தாரே, அதற்காகவே நகாசாவாவைக் கும்பிடலாம்.

2012 மார்ச் 11, முதலாண்டு நினைவு நாளில் அந்த ஊரிலேயே அதை முதலில் வாசித்தவர் ஈவ்ரி கிட்லிஸ். அப்போது அவருக்கு 89 வயது. அதன் பிறகு அதை ஒருவரிடம் நிரந்தரமாகக் கொடுக்கவில்லை. ஆயிரம் வயலின் கலைஞர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

*

மரத்துக்கு வயது இரண்டு வகை. வெட்டி எத்தனை ஆண்டு ஆயிற்று என்பது ஒன்று. அது எதையெல்லாம் கடந்து வந்தது என்பது இன்னொன்று. முதல் வயது ஒலியை மாற்றும்; அதை அளக்கவும் முடியும். இரண்டாவது வயதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது, கேட்கிற ஆளுக்குத் தெரிந்திருந்தால்தான் அது உண்டு.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வரலாற்று மரத்தில் செய்த கருவிகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் புகழ்மாலையாக முடிகிறது. துயரத்தைக் கண்ட மரம் உருக்கமாகப் பாடும் என்று எழுதிவிடுகிறார்கள். பாடாது. கடல்நீரில் ஊறிய கட்டை உண்மையில் கைவினைஞருக்குத் தொல்லைதான். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய பலகை மந்தமாக ஒலிக்கும். அதை மீறி நல்ல குரல் வந்தது என்றால், அது செய்தவர் கை. மரத்தின் கதையைப் பாராட்டி அந்தக் கையை மறந்துவிடுவது நியாயமில்லை.

*

லாம்பெதூசா. இத்தாலித் தீவுதான், ஆனால் இத்தாலியை விட துனிசியா அதற்குப் பக்கம். வட ஆப்பிரிக்காவிலிருந்து படகில் புறப்படுகிறவர்கள் முதலில் கால் வைக்கிற மண். வைக்க முடியாமல் போகிறவர்களும் பலர். 2013 அக்டோபர் 3 அன்று கரைக்குப் பக்கத்திலேயே ஒரு படகு தீப்பிடித்துக் கவிழ்ந்ததில் இறந்தவர்கள் 368 பேர்.

கரை சேர்ந்த படகுகளை அரசு பறிமுதல் செய்து தீவின் ஒரு மூலையில் குவித்து வைக்கும், பிறகு நொறுக்கிவிடும். அவற்றில் சில மிலான் அருகே ஓபேரா என்ற ஊரில் உள்ள பெரிய சிறைக்கு வந்து சேர்ந்தன. அர்னோல்தோ மோஸ்கா மொந்ததோரி நிறுவிய ஓர் அறக்கட்டளை அங்கே ஏற்கெனவே கைதிகளுக்கு வயலின் செய்யக் கற்றுக்கொடுத்து வந்தது. படகுகளை அவர்களே பிரித்தார்கள். ஆணி பிடுங்கி, தார் சுரண்டி, தேறுகிற பலகைகளைப் பொறுக்கி, வயலின், வியோலா, செல்லோ என்று செய்தார்கள்.

வயலினுக்கு வழக்கமாக மேலே ஸ்ப்ரூஸ், அடியில் மேப்பிள். அதிலும் நார் நேராக ஓடுகிற, முடிச்சு இல்லாத துண்டுதான் எடுப்பார்கள். மீன்பிடிப் படகு கட்டுகிறவருக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அலையைத் தாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே இந்த வயலின்களில் துண்டு துண்டாக ஒட்டிய இடங்கள் உண்டு. படகின் பழைய வண்ணத்தையும் ஆங்காங்கே சுரண்டாமல் விட்டிருக்கிறார்கள். நீலமும் ஆரஞ்சும் உரிந்து நிற்கும் ஒரு செல்லோவைப் படத்தில் பார்த்தால் முதலில் அது கருவியாகவே தோன்றாது.

2024 பிப்ரவரி 12 அன்று இந்தக் கருவிகளை மட்டுமே கொண்ட ஒரு குழு, கடலின் இசைக்குழு என்ற பெயரில், மிலானின் லா ஸ்காலா அரங்கில் வாசித்தது. பாக், விவால்டி. மாரியோ புருனெல்லோ, ஜொவான்னி சொல்லிமா போன்ற பெரிய செல்லோக் கலைஞர்கள் தங்கள் விலைமதிப்பற்ற கருவிகளை வீட்டில் வைத்துவிட்டு, இவற்றை எடுத்துக்கொண்டு மேடையேறினார்கள். செய்த கைதிகளில் இருவரை அழைத்து வந்து அரச மாடத்தில் உட்காரவைத்தார்கள்.

எனக்கு இதில் ஓர் உறுத்தல் உண்டு. படகுக்கு மறுவாழ்வு கிடைத்தது, சிறையில் இருப்பவருக்கு ஒரு தொழில் கிடைத்தது, அரங்குக்கு ஒரு மறக்கமுடியாத மாலை கிடைத்தது. அந்தப் பலகைமேல் நெருக்கியடித்து உட்கார்ந்து வந்தவர்களுக்கு? அவர்களில் பலர் இன்னும் ஏதோ ஒரு முகாமில் காகிதத்துக்காகக் காத்திருக்கலாம். இசை அதைச் சரிசெய்யாது. அப்படிச் சரிசெய்வதாக அந்த அறக்கட்டளையும் சொல்லவில்லை. ஆனாலும், செய்தியில் எண்ணிக்கையாக வந்து போன ஒரு விஷயத்தைப் பற்றி, லா ஸ்காலாவுக்கு உடுத்திக்கொண்டு வருகிறவர்கள் இரண்டு மணி நேரம் யோசிக்கும்படி செய்தார்களே. அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

*

குயீன் குழுவின் பிரையன் மே வாழ்நாள் முழுக்க வாசித்துவரும் கிதார் கடையில் வாங்கியதல்ல. 1963இல், பள்ளிப் பையனாக இருந்தபோது, அப்பாவோடு சேர்ந்து வீட்டில் செய்யத் தொடங்கியது. கழுத்துக்கு ஒரு பழைய கணப்பு அடுப்பின் மேல்சட்டம், மகோகனி. அதில் புழு அரித்த துளைகள் இருந்தன. தீக்குச்சியைச் செருகி அடைத்தார்கள். உடலுக்கு ஒரு பழைய ஓக் மேசை. பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள் இரண்டு. இதெல்லாம் யாருடைய வரலாறும் அல்ல, ஒரு நடுத்தர வீட்டில் கையில் கிடைத்த சாமான். ஆனால் அந்த அடுப்புச் சட்டம் இன்று ராக் இசை வரலாற்றில் இருக்கிறது. மரத்துக்கு வரலாறு கருவியாவதற்கு முன்னால்தான் நடக்க வேண்டும் என்பதில்லை.

*

நியூயார்க், கார்மைன் தெரு. ரிக் கெல்லியின் கிதார் கடை. பாப் டிலன், லூ ரீட், பாட்டி ஸ்மித் எல்லோரும் அவர் செய்த கிதார்களை வாங்கியவர்கள். ரான் மான் 2018இல் இந்தக் கடையைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார். அவசரமே இல்லாத படம், மரத்தூள் வாசனை வருகிற மாதிரி.

கெல்லி மரம் வாங்கக் காட்டுக்குப் போவதில்லை. நகரத்தில் பழைய கட்டடம் எதையாவது இடிக்கிறார்கள், புதுப்பிக்கிறார்கள் என்றால் அங்கே போய் நிற்பார். இயக்குநர் ஜிம் ஜார்முஷ் தன் வீட்டைப் புதுப்பித்தபோது கழற்றிய கட்டைகள், செல்சி ஹோட்டல் மரம், 1854இலிருந்து நடப்பதாகச் சொல்லும் மெக்சார்லீஸ் மதுக்கடையின் மரம். பெரும்பாலும் வெள்ளைப் பைன். 19ஆம் நூற்றாண்டில் நகரம் எழும்பியபோது அடிரோண்டாக் மலைக் காடுகளிலிருந்து வெட்டி வந்த மரம். அந்தக் காலத்து மரங்கள் நிழலில் மெதுவாக வளர்ந்தவை, வளையங்கள் நெருக்கமாக இருக்கும். அப்படிப்பட்ட பைன் இன்று புதிதாகக் கிடைப்பது அரிது. நூறு நூற்றைம்பது ஆண்டு கட்டடத்துக்குள் உலர்ந்ததில் பிசின் இறுகிப் படிகமாகிவிடும், மரம் இலேசாகித் திறந்து ஒலிக்கும் என்பது அவர் சொல்லும் காரணம்.

பழைய நியூயார்க்கின் எலும்புகள் என்று அந்தக் கட்டைகளைச் சொல்வார். ஆணித்துளையையும் கறையையும் செதுக்கி எடுக்காமல் அப்படியே விட்டுவிடுவது அவர் வழக்கம். எனக்குப் பிடித்தது அவருடைய வரிசை. முதலில் மரம் காய்ந்திருக்கிறதா, நார் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிறார். யார் குடித்த மதுக்கடை என்பது அதற்குப் பிறகு.

*

பழைய மரத்தில் என்னதான் நடக்கிறது? மரநார்களில் ஹெமிசெல்லுலோஸ் என்று ஒரு பொருள் உண்டு. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில் அதற்குப் பெரிய பங்கு. காலம் போகப்போக அது சிதைகிறது. ஈரம் ஏறும் அளவு குறைகிறது, அதிர்வை மரமே விழுங்கிவிடுவதும் குறைகிறது. 2017இல் தைவான் ஆய்வாளர்கள், முந்நூறு ஆண்டுக்கு முன் கிரெமோனாவில் வயலின் செய்த ஸ்ட்ராடிவாரியின் கருவிகளில் உள்ள மேப்பிளைச் சோதித்து, அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஹெமிசெல்லுலோஸ் சிதைந்திருப்பதாகக் கண்டார்கள். அலுமினியம், செம்பு போன்ற தாதுக்களும் இருந்தன. ஆக, மரத்தை அந்தக் காலத்தில் ஏதோ கரைசலில் ஊறவைத்திருக்கலாம்.

ஸ்ட்ராடிவாரி காலத்தில் ஐரோப்பாவில் குளிர் கடுமையாக இருந்தது, மரங்கள் மெதுவாக வளர்ந்து அடர்ந்தன, அதுதான் ரகசியம் என்று 2003இல் ஓர் ஊகம் வந்தது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அதே குளிரில் வளர்ந்த மரத்தில் சாதாரண வயலின் செய்தவர்களும் இருந்தார்கள்.

இன்னொரு சோதனையைச் சொல்லாமல் விடக்கூடாது. 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு ஹோட்டல் அறை. கிளாடியா ஃப்ரிட்ஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் அவர் குழுவினரும் 21 வயலின் கலைஞர்களை ஒவ்வொருவராக வரச்சொல்லி, வெல்டிங் கண்ணாடி மாட்டிவிட்டு, ஆறு வயலின்களை வாசிக்கக் கொடுத்தார்கள். மூன்று புதியவை. மற்ற மூன்றில் இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒன்று குவர்னேரி. பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று தாடை வைக்கும் இடத்தில் கொஞ்சம் நறுமணம்கூடத் தடவினார்கள். முடிவில் அதிகம் பேர் விரும்பியது ஒரு புதிய வயலினை. யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காமல் போனது ஒரு ஸ்ட்ராடிவாரி.

இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. இன்று ஒரு பட்டறையில் உட்கார்ந்து செதுக்குகிறவர் முந்நூறு ஆண்டுக்கு முந்தைய கிரெமோனா ஆசாரிக்கு ஈடாக வேலை செய்ய முடியும் என்றல்லவா அதற்கு அர்த்தம்.

ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் காட்சியகத்தில் 'மெசையா' என்ற ஸ்ட்ராடிவாரி இருக்கிறது. 1716. அது உண்மையானதுதானா என்ற சந்தேகம் கிளம்பியபோது மேல்பலகையின் மர வளையங்களை எண்ணினார்கள். கடைசி வளையம் 1680களைச் சேர்ந்தது, காலம் பொருந்திவந்தது. புதிதாகச் செய்தது போலவே பளபளக்கிறது, ஏனென்றால் யாரும் வாசித்ததில்லை என்று சொல்லும்படி வைத்திருக்கிறார்கள். பின்னால் செய்யப்போகிறவர்களுக்கு மாதிரியாக இருக்கட்டும் என்பது கொடுத்தவர்கள் எண்ணம். காரணம் புரிகிறது. ஆனாலும் கண்ணாடிப் பேழையில் ஒரு வயலின் என்பது என்னால் ஏற்றுக்கொள்ள முடியாத காட்சி.

*

கனடாவின் மேற்குக் கரையில் ஹைடா குவாய் தீவுகள். அங்கே ஒரு ஸ்ப்ரூஸ் மரம், முந்நூறு ஆண்டு வயது, ஊசியிலைகள் பச்சைக்குப் பதில் தங்க நிறம். பச்சையம் குறைந்ததால் வந்த நிறம். ஹைடா மக்களுக்கு அது மரமாக மாறிய ஒரு சிறுவன். 1997 ஜனவரியில் கிராண்ட் ஹாட்வின் என்ற முன்னாள் காட்டுத் தொழிலாளி, மரம் வெட்டும் கம்பெனிகளுக்கு எதிர்ப்புக் காட்டுவதாகச் சொல்லி, இரவில் ஆற்றை நீந்திக் கடந்து அதை அறுத்துவிட்டுப் போனார். இரண்டு நாளில் மரம் சாய்ந்தது. வழக்கு விசாரணைக்குச் சிறு படகில் கிளம்பியவர் திரும்பவே இல்லை.

ஜோவி டெய்லர் என்ற வானொலிக்காரர் கனடாவின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் துண்டுகள் சேர்த்து ஒரு கிதார் செய்யவைத்தபோது, அதன் மேல்பலகைக்கு இந்த மரம் வந்தது. 2006 ஜூலை 1, கனடா நாளன்று ஒட்டாவாவில் முதன்முதல் மேடையேறியது. அதில் முன்னாள் பிரதமர் பியர் ட்ரூடோவின் துடுப்பும் ஹாக்கி வீரர் கிரெட்ஸ்கியின் மட்டையும் உண்டு. அவை எனக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. புகழ்பெற்றவர்களின் சாமான், அவ்வளவே. தங்க ஸ்ப்ரூஸ் அப்படியல்ல. ஹைடா மூத்தவர்களிடம் போய்க் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகு எடுத்த துண்டு அது. வரலாற்று மரத்தில் கை வைக்கும் எவரும் முதலில் செய்யவேண்டியது அதுதான்: யாருடைய வரலாறோ அவர்களைக் கேட்பது.

*

நம்மூரில் வீணைக்குப் பலா தேடும்போது கோயிலை ஒட்டி வளர்ந்த மரம் விசேஷம் என்பார்கள். தினமும் மணியோசை கேட்டு வளர்ந்தது என்று. இரண்டாவது வயதைப் பற்றிய நம்பிக்கை இங்கேயும் இருக்கிறது.

ஆனால் இரண்டு வயதும் ஒன்றாகச் சேருகிற ஒரு தொழில் தஞ்சை மாவட்டத்திலேயே நடக்கிறது. ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை. நாதஸ்வரம் அங்கே செய்வதுதான் என்று வித்வான்கள் தேடிப் போகிற ஊர். 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1955இல் அவ்வூர் ரங்கநாத ஆசாரி, நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளைக்காக, சுத்த மத்யமம் சரியாகப் பேசும் பாரி நாதஸ்வரத்தைச் செய்துகொடுத்தார். அதுவரை திமிரிதான்: குட்டை, உச்சக் குரல். இன்று கச்சேரியில் கேட்கிற கம்பீரமான நாதம் அந்தப் பட்டறையில் பிறந்தது.

குழலுக்கு ஆச்சா மரம். இந்தியாவில் கிடைப்பதிலேயே மிகக் கனமான மரங்களில் ஒன்று. புதிதாக வெட்டிய ஆச்சா உதவாது. இடித்த பழைய வீடுகளின் உத்திரம், தூண், நிலைச்சட்டம், இவற்றில் இருந்து எடுத்த கட்டைதான் வேண்டும். எழுபது, எண்பது, நூறு ஆண்டு கூரைக்கடியில் உலர்ந்து கிடந்தது.

ஏன் என்று யோசித்தால், நாதஸ்வரம் படும் பாடு வேறெந்தக் கருவிக்கும் இல்லை. உள்ளே முழுக்க மூச்சின் ஈரம், மணிக்கணக்காக. வெளியே சுவாமி புறப்பாட்டில் வெயில், இரவானால் தீவட்டிச் சூடு. மேலே குறுகி, கீழே அகன்ற வாயான அணசை நோக்கி விரிந்துகொண்டே போகிற துளை. அதன் விரிவில் கொஞ்சம் பிசகினாலும் சுரம் நிற்காது. ஈரம் மிச்சமிருக்கிற மரத்தில் அப்படித் துளை போட்டால், காயக்காய முறுக்கிக்கொள்ளும், வெடிக்கவும் செய்யும். நூறு வருஷம் சுமை தாங்கிய உத்திரம் முறுக்கிக்கொள்ள வேண்டிய அளவுக்கு எப்போதோ முறுக்கிக்கொண்டாயிற்று. இனி அது அசையாது.

கட்டையை முதலில் சதுரமாகப் பிளந்து, உருட்டி, கடைசலில் ஏற்றுகிறார்கள். மேல்தோல் போனதும் உள்ளே கருஞ்சிவப்பாக வைரம் தெரியும். பழைய ஆணி ஓடிய இடம் இருந்தால் அந்தத் துண்டைத் தள்ளிவிட வேண்டியதுதான். நியூயார்க்கில் ஆணித்துளை அழகு. இங்கே காற்று கசிந்தால் கருவியே போயிற்று. பிறகு ஏழு விரல்துளைகளும், சுருதி சேர்க்கும் துணைத்துளைகளும். செய்தவர் சீவாளி பொருத்தி ஊதிப்பார்த்து, துளையின் விளிம்பைச் சீவி, மறுபடி ஊதி, சுரத்தைச் சரிசெய்கிறார். அளவுகோலை விடக் காதை நம்புகிற வேலை.

அது யார் வீட்டு உத்திரம் என்று எந்த நாதஸ்வரத்திலும் எழுதி வைப்பதில்லை. எந்தக் கூடத்தில் எத்தனை கல்யாணத்துக்கு அதன் கீழே பந்தி போட்டார்கள், எத்தனை பேரை அதன் கீழே கிடத்தி அழுதார்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு வீட்டுக் கல்யாணத்தில் முழங்குகிற நாதஸ்வரம், இன்னொரு வீட்டின் கல்யாணங்களைப் பார்த்த மரம் என்பது நிச்சயம். இத்தாலியும் ஜப்பானும் கனடாவும் ஒரு பெரிய சம்பவத்துக்குப் பிறகு செய்ததை இங்கே தொழில்முறையாகவே, விளம்பரமில்லாமல், தலைமுறைகளாகச் செய்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்தக் குறிப்புகளில் உள்ள எல்லாக் கருவிகளிலும் மரத்தை மிகச் சரியாகப் புரிந்துகொண்டது இதுதான்.

கவலை ஒன்றே ஒன்று. பழைய ஓட்டு வீடுகள் வேகமாக இடிகின்றன. அவற்றின் மரம் மொத்தமாக விலைபேசிப் போகிறது. கான்கிரீட் வீட்டில் உத்திரம் இல்லை. அடுத்த நூறாண்டுக்கு உலர்ந்துகொண்டிருக்கும் ஆச்சா எங்கேயும் இல்லை.

காவிரிப் பக்கம் தாத்தா காலத்து வீட்டை இடிக்கப் போகிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். கான்ட்ராக்டரிடம் மொத்தமாகப் பேசிவிடுவதற்கு முன்னால், உத்திரத்தில் ஓர் ஓரத்தைச் சீவிப் பாருங்கள். ஆச்சா என்று தெரிந்தால் விறகுக்கு விடாதீர்கள். நரசிங்கம்பேட்டைக்குச் சொல்லி அனுப்புங்கள். ஆசாரிகளே வந்து பார்த்து எடுத்துக்கொள்ளட்டும்.